மூணாறு உறைபனியில் மலையேறுவது: கேள்வி பதில்

மார்கழி, தை மாதங்களில் மீசைப்புலிமலை, செண்டுவாரை பக்கம் வர நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு, மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த மலை வழிகாட்டி ஒருவர் சொன்ன பதில்கள்.

கோவையிலிருந்து: அண்ணா, பிப்ரவரியில காஷ்மீர்ல இருக்கிற குல்மார்க் போறோம். ஸ்னோஷூ மாட்டிக்கிட்டு காட்டுக்குள்ள நடக்கப்போறோம். அதுக்கு முன்னாடி மீசைப்புலிமலையில பழகிக்கலாமா?

ஸ்னோஷூவுக்கு இங்க வேலையே இல்ல தம்பி. நம்ம மலையில படியறது உறைபனி. வெயில் ஏறினா போயிரும். ஸ்னோஷூ வேணும்கிறது முழங்கால் வரைக்கும் கால் புதையிற பனியில. உடம்பு எடைய அகலமாப் பரப்பி, காலைப் புதைய விடாது. முன்பாதத்தைத்தான் கட்டுவாங்க, குதிகால் எழும்பும்.

அங்க ஒண்ணு கவனம். தேவதாரு மாதிரி மரங்களோட அடிக்கிளைக்குக் கீழ பனி இறுகாம, பள்ளம் மறைஞ்சு கிடக்கும். மரத்தை ஒட்டி நடக்காதீங்க. 30-லிருந்து 45 டிகிரி சாய்வுதான் பனிச்சரிவு அதிகம் வர்ற சாய்வு. உள்ளூர் ஆள் போக வேண்டாம்னு சொன்னா போகாதீங்க.

இங்க பழக வேண்டியது வேர்க்காம நடக்கிறது. கிளம்பும்போது லேசாக் குளிரட்டும். ஏத்தம் வந்தா ஜாக்கெட்டைக் கழட்டுங்க, உச்சியில குளிர் தெரியறதுக்கு முன்னாடியே போட்டுக்கோங்க. பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். நனைஞ்ச பருத்தி மேல காத்து அடிச்சா உடம்புச் சூடு மளமளன்னு இறங்கிரும்.

மதுரையிலிருந்து: உச்சியில எவ்வளவு குளிரும்?

மூணாறு டவுன் சுமார் 1,500 மீட்டர், மீசைப்புலிமலை 2,640. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி சொச்சம் குறையும். டவுன்ல 12 டிகிரின்னா மேல நாலரை, அஞ்சு. இது பகல் கணக்கு, காத்துக்குத் தனி.

திருச்சி மாணவி: அப்படின்னா உச்சியிலதானே உறைபனி அதிகம் இருக்கணும்? லெட்சுமி எஸ்டேட், செண்டுவாரைன்னு கீழதான் வெள்ளையா இருக்குன்னு சொல்றாங்களே அண்ணா?

நல்ல கேள்வி தங்கச்சி. வானம் சுத்தமா, காத்தே இல்லாத ராத்திரியில தரை தன் சூட்டையெல்லாம் மேல விட்டுரும். தரையை ஒட்டின காத்து குளிர்ந்து கனமாகி, சரிவு வழியாத் தண்ணி மாதிரி இறங்கிப் பள்ளத்துல தேங்கும். அதனால விடியக்காலையில ஓடைக்கரைப் புல்லு வெளுத்துக் கிடக்கும், மேட்டுப்புல்லு பச்சையா நிக்கும். கூடாரம் அடிக்கச் சொன்ன இடத்துல பள்ளமும் மேடும் இருந்தா, மேட்டைக் கேளுங்க. மேகமோ காத்தோ இருந்தா அன்னிக்கு உறைபனி இருக்காது. வடகிழக்குப் பருவமழை ஓஞ்ச பிறகு, மார்கழிக் கடைசியிலிருந்து பாருங்க.

இன்னொண்ணும் சொல்லணும். பனி அடிச்ச தேயிலைக் கொழுந்து வெயில் பட்டதும் கருகிரும். அந்தக் காடு மறுபடி துளிர்க்கிற வரைக்கும் அங்க கிள்ள ஒண்ணும் இருக்காது. கொழுந்து எடுக்கிற அம்மாக்களுக்கு அதுதான் பிழைப்பு. படம் எடுக்கத் தேயிலைச் செடிக்குள்ள இறங்காதீங்க. ரோட்டிலிருந்தே நல்லாத் தெரியும்.

போடியிலிருந்து: குளிர் விட்டதும் மார்ச்சுல நம்ம பக்கமிருந்து, குரங்கணி வழியா ஏறலாமா?

வேண்டாம்ணே. பனியில காஞ்ச புல்லு, மாசியிலயும் பங்குனியிலயும் பொரிஞ்சு போய் நிக்கும். 2018 மார்ச் 11-ல அந்த மலையில பிடிச்ச தீயில, ஏற வந்தவங்க இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. புல்மேட்டுல தீ காத்தோட சேர்ந்து சரிவேறி வரும், ஆளால ஓடி ஜெயிக்க முடியாது. மீசைப்புலிமலைன்னா கேரள வன மேம்பாட்டுக் கழகத்துக்கிட்ட அனுமதி வாங்கி, அவங்க வழிகாட்டியோட மூணாறு பக்கமிருந்து வாங்க. குறுக்கு வழின்னு யார் கூப்பிட்டாலும் போகாதீங்க.

தேனியிலிருந்து: வரையாடு பார்க்க இரவிகுளம் எப்ப வரலாம்?

ஜனவரிக்குள்ள வந்துருங்க. அப்புறம் குட்டி போடுற காலம், பூங்காவை மூடிருவாங்க.

சென்னையிலிருந்து ஒரு அக்கா: பத்து வயசுப் பையனைக் கூட்டிட்டு வரலாமா? அட்டை கடிக்குமா?

அட்டை மழைக்காலத்துக்காரன், தை மாசத்துல பெரும்பாலும் பயம் இல்ல. பையனை முதல் தடவையே மீசைப்புலிமலைக்கு ஏத்தாதீங்கக்கா. குண்டளைப் பக்கம் காலையில நடத்திப் பாருங்க. மூடுபனி இறங்கினா நின்னுருங்க, பத்தடி தள்ளி யானை நின்னாலும் தெரியாது. குளிருல தாகம் தெரியாது, நீங்களா வெந்நீர் குடுத்துக்கிட்டே இருங்க. நடுங்கினா காஞ்ச துணி மாத்தி, இனிப்பா ஏதாவது குடுங்க. நடுக்கம் நின்னு, பேச்சு குழறி, ஜிப்பு போடக்கூட விரல் தடுமாறினா சரியாயிட்டான்னு நினைச்சிராதீங்க, அதுதான் ஆபத்து. நடக்க விடாம, காத்துப் படாத இடத்துல கம்பளிக்குள்ள வெச்சு, உங்க உடம்புச் சூட்டைக் குடுத்துக்கிட்டே ஆளைக் கூப்பிடுங்க.