மே மாதம் வந்தால் காலியாகும் ஆசிரியர் பணியிடங்கள்: ஒரு தாளாளரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தின் ஒரு சிறு நகரில் மெட்ரிகுலேஷன் பள்ளி நடத்துகிறோம். 850 மாணவர்கள், 38 ஆசிரியர்கள். சென்ற மே மாதத்தில் 11 பேர் விலகிவிட்டனர். ஜூன் முழுவதும் ஆள் தேடி ஒருவழியாக இடங்களை நிரப்பினோம். ஆனால் நவம்பரில் பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியை திடீரென நின்றுவிட்டார். 14,000 முதல் 17,000 ரூபாய் வரை ஊதியம் தருகிறோம். எங்கள் ஊர் நிலவரத்தில் அது குறைவில்லை. விளம்பரம் கொடுத்தும் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் ஆள் கிடைப்பதில்லை. பணியில் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டால் ஆண்டின் நடுவில் போவதைத் தடுக்கலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அசல் சான்றிதழ்களை வாங்கி வைக்காதீர்கள். கல்விச் சான்றிதழ் பிணையாகப் பிடித்து வைப்பதற்குரிய விற்பனைப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள்; வேறு இடத்தில் வாய்ப்பு உள்ள திறமையான ஆசிரியர் சான்றிதழைக் கேட்கும் பள்ளியில் சேரவே மாட்டார், வேறு வழியில்லாதவர்தான் சேருவார். அப்படி மனமில்லாமல் வகுப்பில் நிற்கும் ஒருவரைப் பத்தாம் வகுப்புக்குக் கட்டிப்போட்டு வைப்பதால் பள்ளிக்கோ பிள்ளைகளுக்கோ எந்த நன்மையும் இல்லை.

'ஆள் கிடைப்பதில்லை' என்று நீங்கள் எழுதியிருப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் 600-க்கும் மேற்பட்ட பி.எட். கல்லூரிகள் இருக்கின்றன. ஆசிரியர் தகுதித் தேர்வை ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள். படித்துத் தகுதி பெற்றவர்களுக்கு இங்கே பஞ்சம் கிடையாது. பள்ளிக்குள் வந்தவர்கள் நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் இங்கர்சால் இதைத்தான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவருகிறார். ஆசிரியர் பற்றாக்குறைக்கு ஓய்வு பெறுவோரும் மாணவர் பெருக்கமும் காரணம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, ஓய்வு வயதுக்கு வெகுகாலம் முன்பே வெளியேறுவோர்தான் பெரும்பகுதி என்று அவர் காட்டினார். அடியில் ஓட்டையுள்ள வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் உவமை. புதிதாகச் சேர்வோரில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளுக்குள் பணியைவிட்டுப் போகிறார்கள் என்பது அந்த நாட்டுக்கு அவர் கணித்த அளவு. உலக அளவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பணியைவிட்டு விலகும் விகிதம் 2015-இல் 4.6 விழுக்காடாக இருந்து 2022-இல் 9 விழுக்காடாக உயர்ந்துவிட்டது என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. உங்கள் பள்ளியில் அது ஒரே ஆண்டில் 29 விழுக்காடு. ஆகவே ஜூன் மாத விளம்பரத்துக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது, அந்தப் பதினொருவரும் ஏன் போனார்கள், எங்கே போனார்கள் என்று அறிவதில் செலவிடுங்கள். இந்த விசாரணையைப் பள்ளி முதல்வர் செய்யக் கூடாது, ஏனென்றால் விலகியதற்கு அவரே காரணமாக இருக்கலாம். போனவர்களும் மதிக்கிற ஒரு மூத்த ஆசிரியரைப் பேசச் சொல்லுங்கள்.

சிலர் அரசுப் பணிக்குப் போயிருப்பார்கள். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 36,400 ரூபாய், அகவிலைப்படி தனி. இளநிலை உதவியாளராகப் போனால்கூட 19,500 ரூபாயில் தொடங்கலாம். அதனால்தான் உங்கள் ஆசிரியர்களில் சிலர் பையில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழிகாட்டி நூலை வைத்திருக்கிறார்கள். அரசு ஊதியத்தோடு உங்களால் போட்டியிட முடியாது, அதற்காக வருந்தவும் வேண்டாம். ஆனால் தனியார் பள்ளிகளிலிருந்து விலகுவோரில் பெரும்பாலோர் அரசு வேலைக்குப் போவதில்லை என்பதே நான் பல பள்ளிகளில் கண்டது. அவர்கள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு, டியூஷன் நிலையத்துக்கு, ஜவுளிக்கடைக் கணக்கர் வேலைக்கு, அல்லது வீட்டுக்குப் போகிறார்கள். ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலுக்காக ஒருவர் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்குப் பேருந்தில் போகத் துணிகிறார் என்றால், பணத்தோடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்றும் அவரைத் தள்ளியிருக்கிறது.

அந்த வேறு ஒன்று பெரும்பாலும் கால அட்டவணையில் இருக்கிறது. உங்கள் பள்ளியின் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரேயொரு ஆசிரியரின் வாரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். நாளுக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு 40. ஒரு கணித ஆசிரியை நான்கு பிரிவுகளுக்கு 36 பாடவேளை எடுக்கிறார் என்று கொள்வோம். மீதி நான்கு பாடவேளைகளிலும் விடுப்பில் உள்ளவருக்குப் பதிலாக வேறு வகுப்புக்கு அனுப்பப்படுகிறார். பிரிவுக்கு 40 பேர் என்றால் 160 மாணவர்கள். ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும், ஒரு சுற்று நோட்டுத் திருத்த 5 மணி 20 நிமிடம் ஆகும். வாரத் தேர்வு விடைத்தாளுக்கு ஐந்து நிமிடம் வீதம் 13 மணி 20 நிமிடம். இதற்கு மேல் பாடக்குறிப்பு எழுதுதல், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில் பதிவு, மெல்லக் கற்போருக்கான மாலை வகுப்பு, வேன் ஏற்றிவிடும் பொறுப்பு, சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு. பள்ளியில் ஒரு பாடவேளைகூட ஓய்வில்லாத நிலையில் பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேலான இந்தத் திருத்தும் பணி எங்கே நடக்கும்? வீட்டில், இரவுச் சமையல் முடிந்த பிறகு. உங்கள் ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்களாகத்தான் இருப்பார்கள், மாலையில் அவர்களுக்கு இன்னொரு பணி நாள் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம், 2009 தன் அட்டவணையில் ஆசிரியரின் பணி நேரத்தை வாரத்துக்கு 45 மணி என்று குறிக்கிறது. அந்த 45 மணிக்குள் பாடம் நடத்துவதோடு அதற்கான தயாரிப்பும் அடங்கும் என்றே சொல்கிறது. இது எட்டாம் வகுப்பு வரைக்கும் உரிய விதி. சட்டம் அதைக் குறைந்தபட்ச நேரமாகவே வைத்திருக்கிறது என்பதும் உண்மை. ஆயினும் தயாரிப்பும் பணியே என்ற கருத்தைச் சட்டமே ஏற்றிருக்கும்போது, பள்ளி நிர்வாகங்கள் ஏற்காமலிருப்பது சரியல்ல. வரும் கல்வியாண்டிலிருந்து ஒருவருக்கும் 30 பாடவேளைக்கு மேல் போகாது, நாளுக்கு ஒரு பாடவேளையாவது எவரும் தொடாத ஓய்வாக இருக்கும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். இதற்கு உங்களுக்கு இன்னும் சில ஆசிரியர்கள் தேவைப்படலாம். செலவில்லாத வழிகளும் உண்டு. எல்லா நோட்டுகளையும் எல்லா வாரமும் திருத்த வேண்டும் என்ற விதியைக் கைவிடுங்கள், வாரத் தேர்வை இரு வாரத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள், பாடக்குறிப்பை அழகுக் கையெழுத்தில் எழுதி வெள்ளிக்கிழமை கையொப்பம் வாங்கும் சடங்கை நிறுத்துங்கள். அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துப் பாடம் நடத்திய ஆசிரியரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அடுத்தது மே மாதம். பல தனியார் பள்ளிகளில் கோடை விடுமுறைக்கு ஊதியம் தருவதில்லை. சில பள்ளிகள் ஏப்ரலில் கணக்கை முடித்து ஜூனில் புதிதாகச் சேர்ப்பதாகக் காட்டுகின்றன. சேர்ந்தவரின் முதல் மாத ஊதியத்தை முன்வைப்பாக நிறுத்தி வைப்பதும் உண்டு. உங்கள் பள்ளி இவற்றில் எதையும் செய்யவில்லை என்றால் மகிழ்ச்சி. செய்கிறது என்றால், பதினொருவர் மே மாதத்தில் போனதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. வாடகையும் பால் கணக்கும் மே மாதத்திலும் உண்டு. ஊதியமில்லாத அந்த ஒரு மாதத்தில்தான் மனிதர்கள் வேறு வேலை தேடுகிறார்கள். அதற்கு மேல், அந்த மாதத்திலேயே வீடு வீடாகப் போய் மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடித்துவரச் சொல்வதை எந்த ஆசிரியரும் மறப்பதில்லை. தெருவில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நின்றபோது தன் பழைய மாணவன் பார்த்துவிட்டான் என்று சொல்லிக் கண்கலங்கிய ஒரு தமிழாசிரியரை எனக்குத் தெரியும். அவர் விலகியதைப் பள்ளி நிர்வாகம் ஊதியக் காரணம் என்று பதிவுசெய்தது.

மரியாதை குறித்து நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் விலகியவர்களிடம் கேட்டால் இதைத்தான் நீண்ட நேரம் பேசுவார்கள். பெற்றோர் முன்னிலையில் ஆசிரியரைக் கண்டிப்பது, பதினொரு மணி இரவில் வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் கேட்கும் கேள்விக்குப் பதில் எதிர்பார்ப்பது, ஒரு பிரிவின் தேர்ச்சி குறைந்ததற்கு ஊழியர் கூட்டத்தில் பெயர் சொல்லி நிற்கவைப்பது ஆகிய மூன்றையும் நாளையே நிறுத்தலாம், ஒரு ரூபாய் செலவில்லை. பெற்றோரின் புகார் முதலில் முதல்வரிடம் வர வேண்டும், ஆசிரியரின் விளக்கத்தைத் தனியே கேட்ட பிறகே பெற்றோருக்குப் பதில் போக வேண்டும் என்பதை விதியாக்குங்கள்.

இனி பணத்துக்கு வருகிறேன். 14,000 ரூபாய் இந்த ஊரில் குறைவில்லை என்கிறீர்கள். பக்கத்துப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் உண்மையாக இருக்கலாம். இந்தத் தாழ்ந்த விலையைத் தனியார் பள்ளிகள் மட்டும் நிர்ணயிக்கவில்லை. 2022-இல் தமிழக அரசே தன் பள்ளிகளில் 13,331 காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களால் நிரப்ப முன்வந்தபோது, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய் என்றுதான் முதலில் அறிவித்தது. ஆனாலும் ஒரு குடும்பம் அந்தப் பணத்தில் வாழ முடியாது என்ற நிலை மாறவில்லை. உங்கள் 38 பேருக்கும் மாதம் 2,000 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்கு 9,12,000 ரூபாய் ஆகும். அதன் மேல் 12 விழுக்காடு வருங்கால வைப்பு நிதிப் பங்கையும் சேர்த்தால் சுமார் 10,21,000. 850 மாணவர்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய், மாதத்துக்கு 100 ரூபாய். கட்டணத்தை உங்கள் விருப்பத்துக்கு உயர்த்த முடியாது, 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது என்பீர்கள். அந்தச் சட்டமே நிர்வாக, பராமரிப்புச் செலவைக் கட்டண நிர்ணயத்துக்குரிய காரணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஊதியம் முழுவதும் வங்கி வழியாகப் போய், வைப்பு நிதிக் கணக்கிலும் அதே தொகை தெரிந்தால் உங்கள் கோரிக்கைக்கு வலு கூடும். கையில் ஒன்றும் கணக்கில் ஒன்றுமாகக் கொடுக்கும் பள்ளி அந்த வாதத்தைத் தானே இழந்துவிடுகிறது. இருபது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் வைப்பு நிதி சலுகையல்ல, கடமை.

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கிறது. பள்ளியின் பங்கு 3.25 விழுக்காடு, ஆசிரியர் பங்கு 0.75 விழுக்காடு. முந்தைய இரு ஆறு மாதப் பங்களிப்புக் காலங்களில் 70 நாள்களுக்காவது பங்களிப்பு செலுத்தப்பட்டிருந்தால், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேற்றுப் பலனை பள்ளி அல்ல, ஈ.எஸ்.ஐ. நிறுவனமே ஆசிரியைக்கு வழங்கும். கருவுற்றதும் ஆசிரியையை விலகச் சொல்லிவிட்டு, நான்காண்டு அனுபவமுள்ள அவருக்குப் பதிலாகப் புதியவரைத் தேடும் பள்ளிகள் இதை அறிந்திருந்தால் அப்படிச் செய்யமாட்டா. ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றினால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அது பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உறுதிசெய்தது. நான்காம் ஆண்டில் ஒருவர் போனால் பணிக்கொடை மிச்சம் என்று கணக்கிடும் தாளாளர்களைச் சந்தித்திருக்கிறேன். அந்த மிச்சத்தைவிட, அவரோடு வெளியேறும் மாணவர் சேர்க்கையின் இழப்பு பெரியது.

இன்னொன்றையும் இப்போதே கவனியுங்கள். எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போரில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் தகுதித் தேர்வில் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் பள்ளிகள் பற்றிய கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. உங்கள் பள்ளியில் தேர்ச்சி பெறாத மூத்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குத் தேர்வுக்கு முன் சில நாள் ஊதியத்துடன் விடுப்பும், மாலைச் சிறப்பு வகுப்பிலிருந்து விலக்கும் கொடுங்கள். தேர்ச்சி பெற்றதும் அரசுப் பணிக்குப் போய்விடுவார்களே என்று அஞ்சிக் கைவிட்டால் இரு பக்கமும் இழப்புத்தான்.

கணிதம், இயற்பியலுக்கு ஒரு நடைமுறை வழி இருக்கிறது. இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளிகளில் களப்பயிற்சி செய்ய வேண்டும். அருகிலுள்ள கல்லூரியோடு பேசி அந்தப் பயிற்சி மாணவர்களை உங்கள் பள்ளிக்கு வரவழையுங்கள். அவர்களை விடுப்பில் உள்ளவருக்குப் பதில் வகுப்பைக் காவல் காக்க அனுப்பாமல், ஒரு நல்ல ஆசிரியரின் பக்கத்தில் அமர்த்திக் கற்றுக்கொள்ள விடுங்கள். அவர்களில் இருவர் மறு ஆண்டு உங்களிடமே சேரலாம். சேர்ந்தவரை முதல் ஆண்டிலேயே பொதுத்தேர்வு வகுப்புக்குள் தள்ளாதீர்கள். இங்கிலாந்தில் 2021 முதல் புதிய ஆசிரியருக்கு முதல் ஆண்டில் 10 விழுக்காடும் இரண்டாம் ஆண்டில் 5 விழுக்காடும் பாடவேளையைக் குறைத்து, வழிகாட்ட ஒரு மூத்த ஆசிரியரையும் ஒதுக்குகிறார்கள். நீங்களும் முதல் ஆண்டில் வாரத்துக்கு மூன்று பாடவேளை குறைப்பது கடினமல்ல.

இந்த ஆண்டுப் பத்தாம் வகுப்பு காத்திருக்காது என்பது புரிகிறது. அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவரைப் பொதுத்தேர்வு முடியும் வரை, காலையில் இரண்டு பாடவேளைக்கு மட்டும், மதிப்பூதியம் பேசி அழைத்து வாருங்கள். எதைச் செய்தாலும், விலகிய ஆசிரியையின் பிரிவுகளை மீதமுள்ள கணித ஆசிரியர்களின் தலையில் பிரித்துக் கட்டிவிடாதீர்கள். அப்படிக் கட்டினால், பிப்ரவரியில் அடுத்த விலகல் கடிதம் அவர்களிடமிருந்துதான் வரும்.