டைப்-சி கேபிளில் சார்ஜ் ஏறாத ஸ்பீக்கர்

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் 1,400 ரூபாய்க்கு ஒரு சிறிய புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். பெட்டியில் ஒரு கேபிள் மட்டும் இருந்தது, சார்ஜர் இல்லை. அந்தக் கேபிளைப் பழைய கைப்பேசியின் சார்ஜரில் செருகினால் சார்ஜ் ஏறுகிறது. புதிய கைப்பேசியின் 45 வாட் சார்ஜரையும் அதனுடன் வந்த, இரு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளையும் இணைத்தால் விளக்குகூட எரிவதில்லை. அதிக வாட் சார்ஜரைப் போட்டதால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது, வாரண்டி செல்லாது என்கிறார் கடைக்காரர். இது சரியா? இரவு முழுவதும் சார்ஜில் விடலாமா?

பதில்: கடைக்காரர் சொல்வது சரியல்ல. 45 வாட் என்பது அந்தச் சார்ஜரால் அதிகபட்சமாகக் கொடுக்க முடிந்த அளவுதான். அத்தனையையும் அது ஸ்பீக்கருக்குள் தள்ளிவிடாது. இணைக்கப்பட்ட கருவி தானாகக் கேட்டாலொழிய 5 வோல்ட்டுக்கு மேல் அது போவதில்லை. பழைய சார்ஜரில் இன்றும் சார்ஜ் ஏறுகிறது என்பதே உங்கள் ஸ்பீக்கரின் பேட்டரி கெடவில்லை என்பதற்குப் போதுமான சான்று.

காரணம் பெரும்பாலும் ஸ்பீக்கரின் டைப்-சி துளைக்குப் பின்னால் இருக்கிறது. பழைய சார்ஜரின் செவ்வகத் துளையில் எப்போதும் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். எதைச் செருகினாலும் மின்சாரம் பாயும். டைப்-சி துளை கொண்ட சார்ஜரோ, மறுமுனையில் மின்சாரம் பெற வேண்டிய கருவி ஒன்று இருக்கிறது என்று உறுதியாகும் வரை எதையும் வெளியே விடாது. அந்த அடையாளத்தைக் கொடுப்பவை கருவிக்குள் பொருத்தப்பட வேண்டிய 5.1 கிலோ ஓம் அளவுள்ள இரண்டு சின்னஞ்சிறு மின்தடைகள். மிக மலிவான அவற்றைக்கூட மிச்சம் பிடித்து, துளையின் வடிவத்தை மட்டும் டைப்-சி ஆக்கி விற்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள் என்பது வருந்தத்தக்கது. புதிய கேபிளில் உங்கள் கைப்பேசி ஒழுங்காக சார்ஜ் ஆகிறதென்றால், குறை ஸ்பீக்கரில்தான் என்று கொள்ளலாம்.

இதனால் ஆபத்து இல்லை. பெட்டியில் வந்த கேபிளையும் பழைய சார்ஜரையும் தொடர்ந்து பயன்படுத்தலாம். எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்கிடுவதும் எளிது. 2,500 மில்லியாம்பியர்-மணி, 3.7 வோல்ட் பேட்டரி என்றால் ஏறக்குறைய 9 வாட்-மணி. 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரில், வெப்பமாக வீணாவதையும் சேர்த்து, சுமார் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். மடிக்கணினியின் பழைய துளையில் அரை ஆம்பியர் மட்டுமே கிடைத்தால் அது இரட்டிப்பாகும்.

லித்தியம்-அயன் பேட்டரி 4.2 வோல்ட்டை எட்டி நிறைந்ததும் உள்ளிருக்கும் சுற்று மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். நல்ல தயாரிப்புகளில் அது நிகழும். ஆனால் இரண்டு மின்தடைகளைப் பொருத்தாதவர்கள் பாதுகாப்புச் சுற்றை மட்டும் அக்கறையோடு அமைத்திருப்பார்கள் என்று நம்பி இரவெல்லாம் விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விழித்திருக்கும் நேரத்தில், மெத்தைமேலோ வெயிலிலோ வைக்காமல் சார்ஜ் செய்யுங்கள். ஸ்பீக்கரின் உடல் உப்பினாலோ தொட முடியாத அளவு சுட்டாலோ அத்துடன் பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள்.

இனி வாரண்டி. பெட்டியிலோ விளம்பரத்திலோ டைப்-சி சார்ஜிங் என்று அச்சிட்டிருந்தால், விற்பவர் கூறிய தரம் பொருளில் இல்லை என்றாகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதையும் குறைபாடு என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. ரசீது, பெட்டியின் படம், இரு சார்ஜர்களிலும் செருகிக் காட்டும் சிறு காணொளி ஆகியவற்றுடன் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியலாம். அதற்கு மேலும் போக வேண்டியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும்.

மாற்றுப் பொருள் தர ஒப்புக்கொண்டால், உங்கள் சார்ஜரையும் கேபிளையும் கடைக்கே எடுத்துச் சென்று செருகிப் பார்த்து வாங்குங்கள். அதே மாடலைக் கொடுத்தால் அதே குறை இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதால் வேறு மாடலையோ பணத்தையோ கேளுங்கள்.