மேப்ல மூன்றரை மணி நேரம், டிக்கெட்ல பதினாலு: பயண டிக்கெட் கேள்வி-பதில்

கேள்வி: தம்பி அஸ்ஸாம்ல திப்ருகர்ல வேலை பாக்கான். திருவனந்தபுரத்துல இருந்து 2,850 கிலோமீட்டர், ஃப்ளைட்ல மூன்றரை மணி நேரம்னு நெட்ல போட்டிருக்கு. டிக்கெட் தேடுனா 14 மணி நேரம் வரைக்கும் காட்டுது. எது நிஜம்? (நாகர்கோவில்)

டிக்கெட்தான் நிஜம். நெட்ல வர்றது மேப்ல நேர்கோடு போட்டு, மணிக்கு 800 கிலோமீட்டர்னு வகுத்த கணக்கு, அந்தக் கோட்டுல நேரடி விமானமே கிடையாது. சென்னையோ பெங்களூருவோ கொல்கத்தாவோ, எங்கயாவது மாறித்தான் போகணும். நீங்க வீட்ல இருந்து ஏர்போர்ட் போற ரெண்டு மணி நேரத்தையும் சேத்துக்கோங்க. ரயில்னா கன்னியாகுமரி-திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் இருக்கு, நாட்டுலயே அதிக தூரம் ஓடற ரயில், 4,100 கிலோமீட்டருக்கு மேல, மூணு நாள் தாண்டும். நேர்கோடு வங்கக்கடல் மேல வெட்டிப் போயிரும், தண்டவாளம் ஆந்திரா, ஒடிசா கரையோரமா ஏறி பங்களாதேஷச் சுத்தி சிலிகுரி வழியாத்தான் அஸ்ஸாமுக்குள்ள போகுது.

கேள்வி: திருச்சி-சிங்கப்பூர் நாலு மணி நேரம்னாங்க. டிக்கெட்ல கிளம்பற நேரத்துக்கும் இறங்கற நேரத்துக்கும் ஆறரை மணி நேரம் இடைவெளி. ஏமாத்துறாங்களா? (புதுக்கோட்டை)

இல்ல. சிங்கப்பூர் கடிகாரம் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி.

கேள்வி: அம்மாவுக்கு மதுரை-கவுஹாத்தி 'ஒரே டிக்கெட்'னு ஏஜென்ட் வித்தார். சென்னைக்கு வர்ற ஃப்ளைட் லேட், அடுத்தது போயிருச்சு. ரெண்டும் வேற வேற பிஎன்ஆராம் (முன்பதிவு எண்), காசு தர மாட்டேங்கறாங்க. (மதுரை)

படிக்கவே வயிறு எரியுது. இது உங்க தப்பு இல்ல, ஒரே டிக்கெட்னு சொல்லி ரெண்டு டிக்கெட்ட வித்தவர் தப்பு. ஒரே பிஎன்ஆர்னா முதல் ஃப்ளைட் லேட்டானாலும் அடுத்ததுல ஏத்திவிடறது ஏர்லைன் பொறுப்பு. தனித்தனியா இருந்தா ரெண்டாவது கம்பெனிக்கு நீங்க வராத பயணி, அவ்வளவுதான். நானே 1,800 ரூபா மிச்சம்னு இப்படி ரெண்டு டிக்கெட் எடுத்து, நடுவுல ஒன்றேகால் மணி நேரம் போதும்னு நெனச்சு, பெல்ட்ல பெட்டி வர்றதுக்குள்ள அடுத்த கவுன்டர் மூடி, ராத்திரி பூரா ஏர்போர்ட் நாற்காலில கிடந்து காலைல 9,000 குடுத்துப் போனேன். அதுலேருந்து எந்தத் தளத்துலயும் 'மொத்தப் பயண நேரம்'னு பெருசா போட்டு, தனி டிக்கெட்ங்கறத கீழ பொடி எழுத்துல போடறதப் பாத்தா கோவம் வருது. பணம் கட்டற பக்கத்துலயே அத பெரிய எழுத்துல போடணும். ஏஜென்ட் அனுப்புன மெசேஜ், பில் எல்லாத்தையும் வச்சு 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் குடுங்க. புகார்ல அம்மாவ விட்டுறாதீங்க, அவங்க பட்ட சிரமத்தையும் எழுதுங்க.

கேள்வி: 15ம் தேதி ராத்திரி 12.20 ஃப்ளைட்னு 15 ராத்திரி போனா, முந்தின ராத்திரியே போச்சுங்கறாங்க. ரீஃபண்ட் உண்டா? (சேலம்)

டிக்கெட் காச மறந்துருங்க, ஏர்போர்ட் வரி, பயணிகள் கட்டணம் மட்டும் திரும்பக் கேளுங்க. 00.20ன்னா 14ம் தேதி ராத்திரியே போய் நிக்கணும். எத்தனை தடவ எழுதறது, காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாருங்கய்யா.

கேள்வி: சென்னை-டெல்லி ஃப்ளைட் ரெண்டரை மணி நேரம் லேட். சாப்பாடு தரல. கோயம்புத்தூர் போறவங்களுக்கு மட்டும் குடுத்தாங்க! (தாம்பரம்)

விமானப் போக்குவரத்த மேற்பார்க்கற அரசு அமைப்பு டிஜிசிஏ, அதோட விதி பயண நேரத்த வச்சுதான். ரெண்டரை மணி நேரத்துக்குள்ள முடியற பயணம்னா ரெண்டு மணி நேரம் லேட்டானாலே சாப்பாடு, அதுக்கு மேல அஞ்சு மணி நேரம் வரைக்கும்னா மூணு மணி நேரம் லேட்டாகணும். டெல்லி ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல போடறாங்க, அதான் உங்களுக்குக் கிடைக்கல. ஆறு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா மாற்று விமானமோ முழுப் பணமோ கேக்கலாம்.