பூ காய்ந்தால் அடியைப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய சிவப்புப் பூ பிரொமிலியாட், நான்கே மாதத்தில் நடுவில் பழுப்பாகிவிட்டது. இவ்வளவுக்கும் தண்ணீர் ஊற்றத் தவறியதில்லை. இலைகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீரில் கொசு வரும், தூக்கி எறி என்கிறார் அண்ணி. எனக்கோ இதே குடும்பத்தில் இன்னும் சில வகைகளை வாசலில் வளர்க்க ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அண்ணி சொல்வதில் கொசு சரி, எறிவதுதான் தவறு.

பண்டிகைக் காலத்தில் இங்கே அதிகம் விற்பது குஸ்மேனியா. உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும். சிவப்பாகத் தெரிந்தது பூவே அல்ல, நிறம் மாறிய இலைகள். உண்மையான பூ அவற்றின் இடுக்கில் சின்னதாக வந்து, நீங்கள் கவனிப்பதற்குள் போயிருக்கும். சிவப்பு மூன்று நான்கு மாதம் நின்றதே நல்ல ஆயுள். இந்தக் குடும்பத்தில் அநேகமாக எல்லாச் செடிகளும் ஒரே முறைதான் பூக்கும். குலை தள்ளிய வாழை சாய்கிறதே என்று யாரும் அழுவதில்லை, பக்கக்கன்று எங்கே என்றுதான் குனிந்து பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான்.

ஆகவே காய்ந்த பூத்தண்டை மட்டும் வெட்டிவிட்டு அடி இலைகளை விலக்கிப் பாருங்கள். என் முதல் செடியை நான் அப்படிப் பார்க்கவில்லை. பிடுங்கும்போது தண்டோடு ஒட்டிக்கொண்டு கட்டைவிரல் அளவில் மூன்று பச்சை முளைகள் இருந்தன. களை என்று நினைத்து, அவற்றையும் சேர்த்தே குப்பையில் போட்டேன். இன்றும் உறுத்துகிறது.

கன்று தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது, முடிந்தால் பாதியளவு வளரும்வரை பொறுங்கள். அவசரப்பட்டுப் பிரித்த குட்டி பிழைப்பது கடினம். பிறகு சுத்தமான கத்தியால் தாய்த்தண்டை ஒட்டி வெட்டி, வெட்டுக்காயம் உலர ஒருநாள் விட்டு, சின்னத் தொட்டியில் கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டுகளும் கலந்து நடுங்கள். தோட்டமண் வேண்டாம். மரக்கிளையில் தொற்றி வாழும் வகைகளுக்கு வேர் என்பது பெரும்பாலும் பிடிமானம்தான். (தொற்றி வாழ்வதால் புல்லுருவி என்று நினைத்துவிடாதீர்கள், மரத்திடமிருந்து அவை எதையும் உறிஞ்சுவதில்லை.) ஆடாமல் நிற்க ஒரு குச்சி கட்டினால் போதும். ஒருவேளை நடு இலையை லேசாக இழுத்ததும் கையோடு வந்து நாற்றமும் அடித்தால், அது முதுமை அல்ல, அழுகல். அப்போதும் கன்று இருந்தால் காப்பாற்றலாம்.

இனி கொசு. நம் வெப்பத்தில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரமே போதும். ஆகவே குடுவையில், அதாவது இலைகள் கூடும் நடுக்குழியில், இருக்கும் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மேலாக ஊற்றி நிரப்புவது போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இலைச்சுவரில் ஒட்டியிருக்கும், குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கழுவவேண்டும். பிடிஐ என்னும் பாக்டீரியாக் குருணை கொசுப்புழுவைக் கொல்லும், செடிக்குக் கெடுதல் இல்லை. எண்ணெய் ஊற்றாதீர்கள். நம் வீடுகளில் இன்னொரு ஆபத்து, செம்புச் சொம்பு. புழு வராது என்று செம்புக்காசு போடுகிறவர்களையும், செம்பில் இரவெல்லாம் வைத்த தண்ணீரை ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நமக்கு எப்படியோ, பிரொமிலியாடுக்குச் செம்பு நஞ்சு.

இத்தனை பாடு வேண்டாம் என்றால், தொட்டியில் வேர்விட்ட குஸ்மேனியாவின் குடுவையைக் காலியாகவே விட்டு, வேர்ப்பக்கம் மட்டும் நனைத்து வரலாம். செடி சமாளித்துக்கொள்ளும்.

வாசலுக்கு என் தேர்வு, தண்ணீர் தேக்காத இரண்டு வகை. ஒன்று டில்லான்சியா. மண்ணே வேண்டாம், இலைமேல் இருக்கும் நுண்செதில்களே ஈரத்தை உறிஞ்சும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நீரில் அமிழ்த்தி, எடுத்ததும் தலைகீழாக உதறி, காற்றோட்டத்தில் வையுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் உலராவிட்டால் உள்ளிருந்து அழுகும். மற்றொன்று கிரிப்டாந்தஸ், தரையோடு படிந்த நட்சத்திரம்போல் இருக்கும் குட்டிச்செடி. இது தொற்றுச்செடி அல்ல, ஈரம் தங்கும் இலகுவான மண்கலவை கேட்கும்.

காலை வெயில் படும் வாசல் என்றால் நியோரெகேலியா ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பூக்கும் காலத்தில் நடு இலைகள் செந்நிறமாகும் அழகுக்காக அதன் குடுவையைக் கழுவும் வேலையையும் பொறுத்துக்கொள்ளலாம். வெளிச்சம் குறைந்தால் பச்சையாகி நீண்டுவிடும், உரம் கூடினாலும் அதே கதை. வகைகளை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்க, பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா) தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குள் பிரொமிலியாட் தொகுப்பு ஒன்று இருக்கிறது. எத்தனை தொட்டி வைத்தாலும் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட மறக்காதீர்கள்.

காசு செலவில்லாத பிரொமிலியாட் ஒன்றும் உண்டு, அன்னாசி. ஈரச்சந்தையில் வாங்கும் பழத்தின் கொண்டையைத் திருகி எடுத்து, அடி இலைகளை உரித்து, சில நாள் காயவைத்து நட்டால் வேர்விடும். இலை கிழிக்கும், குழந்தைகள் ஓடும் பக்கம் வைக்காதீர்கள். பழம் பார்க்க நல்ல வெயிலும் இரண்டு ஆண்டுப் பொறுமையும் வேண்டும். வளர்ந்தும் பூக்காமல் அடம்பிடித்தால், நன்றாகப் பழுத்த ஆப்பிள் ஒன்றோடு பிளாஸ்டிக் பையால் செடியை மூடி ஒரு வாரம் நிழலில் வையுங்கள். வாழைத்தாருக்கு மூட்டம் போடும்போது வேலை செய்யும் அதே எத்திலீன் வாயு இங்கே பூவை வரவழைக்கும். ஈசூனில் இருந்துகொண்டு நீங்கள் அன்னாசி வளர்க்காமல் இருக்கக்கூடாது. அந்தப் பெயரே 'அன்னாசி மன்னர்' எனப்பட்ட லிம் நீ சூனுடையதுதான்.