ஆரி வேலை, குரோஷா, தஞ்சாவூர் ஓவியம்: மூன்றையும் ஒன்றாகப் பழகலாமா?

பழகலாம். ஆனால் மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதலில் ஒன்றில் கை படியட்டும், ஒரு மாதம் போதும்.

என்னைக் கேட்டால் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவதில், தொடங்குங்கள். ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல்கண்டு, அவ்வளவுதான் செலவு. சதுரமாகப் பின்ன நினைத்தது முக்கோணமாகக் குறுகிக்கொண்டே போகும், எல்லாருக்கும் நடப்பதுதான். வரிசையின் கடைசிக் கண்ணியை (பின்னலில் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கோத்து வைத்தால் தப்பாது.

ஆரி என்பது துணியில் போடும் பூத்தையல். அதிலும் கொக்கி ஊசியால் வளையத்துக்குள் வளையம் இழுப்பதுதான் வேலை, அதனால் குரோஷா பழகிய கைக்கு அது அந்நியமாக இருக்காது. ஊசி மேலே வரும்போது துணியில் மாட்டுகிறதா? முதலில் துணியை இழுத்துக் கட்டிய சட்டத்தைப் பாருங்கள். துணி பறை மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். நூலைக் கொக்கியில் சுற்றியதும் ஊசியை அரைச்சுற்றுத் திருப்பி, பிறகு மேலே எடுங்கள். பூ, மயில் எல்லாம் அப்புறம். ஒரு வாரம் நேர்கோட்டில் சங்கிலித் தையல் மட்டும் போடுங்கள், அலுப்பாகத்தான் இருக்கும்.

தஞ்சாவூர் ஓவியத்தில் காத்திருப்பு அதிகம். சுண்ணப் பொடியும் கோந்தும் குழைத்துப் புடைப்பு வேலை (படத்தில் மேடாக எழும் பகுதிகள்) செய்தால், அது நன்றாகக் காய்ந்த பிறகே தங்கத்தாள் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். அது காயும் நேரத்தில் குரோஷாவைக் கையில் எடுங்கள்.

முதலில் செய்ததைத் தூக்கிப் போடாதீர்கள், தேதி எழுதி வையுங்கள்.