மஞ்சள் பலகையில் 35: அதோடு 20 கூட்டலாமா?

கேள்வி: நான் பொள்ளாச்சிக்காரன். வால்பாறை ரோட்டில் வருடக்கணக்கில் பைக் ஓட்டியிருக்கிறேன். இப்போது மெல்பர்னில் வேலை. சமீபத்தில் ஒரு ராயல் என்ஃபீல்ட் மீட்டியார் 350 வாங்கி, கிரேட் ஓஷன் ரோட்டில் லோர்னிலிருந்து அப்பல்லோ பே வரை போனேன். வளைவுகளுக்கு முன்னால் மஞ்சள் பலகையில் 35, 45 என்று போட்டிருக்கிறார்கள். "அதெல்லாம் லாரிக்காரனுக்குப் போட்டது, பைக்குக்கு 20 கூட்டிக்கோ" என்றார் கூட வந்த நண்பர். அவர் வைத்திருப்பது ஸ்போர்ட்ஸ் பைக். நானும் கூட்டிக்கொண்டே போனேன். ஒரு 35 வளைவில் இடது பக்கம் திரும்பும்போது வண்டி விலகி, நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. எதிரே யாரும் வராததால் பிழைத்தேன். அந்த எண்ணுக்கு என்னதான் அர்த்தம்? அதைத் தாண்டினால் அபராதம் போடுவார்களா? நான் 35-க்கே வேகத்தைக் குறைத்தால் பின்னால் கார்கள் முட்டுகிற மாதிரி வருகின்றன. அதற்கு என்ன செய்வது?

பதில்: அபராதத்தை முதலில் முடித்துவிடலாம். வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் எண் சட்டம். மஞ்சளில் கறுப்பாக இருக்கும் எண் ஆலோசனை. மஞ்சள் எண்ணைத் தாண்டியதற்காக மட்டும் யாரும் உங்களுக்கு டிக்கெட் எழுத மாட்டார்கள். ஆனால் தாண்டிப் போய் எதிரே வந்தவர்மேல் மோதினால், கவனமில்லாமல் ஓட்டியதாக வழக்கு வரும். அப்போது அந்தப் பலகை உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

இனி அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கொத்தனார் கையில் ரசமட்டம் பார்த்திருப்பீர்கள். அதை வில்லாக வளைத்து, உள்ளே குமிழிக்குப் பதில் ஒரு சின்ன உருண்டையைப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் காரின் டாஷ்போர்டில் பொருத்தி வளைவில் ஓட்டுவார்கள். வேகம் கூடக் கூட உருண்டை வெளிப்பக்கமாக ஏறும். எத்தனை டிகிரி ஏறியது என்று குழாயில் கோடு போட்டிருக்கும். அமெரிக்கச் சாலைப் பொறியாளர்கள் 1930-களிலேயே இதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். மணிக்கு 35 மைலும் அதற்கு மேலும் உள்ள வளைவுகளுக்கு இன்று அவர்கள் வைத்திருக்கும் வரம்பு 12 டிகிரி. வேகம் குறைந்த வளைவுகளுக்கு 14, 16 வரை விடுகிறார்கள். இப்போது உருண்டைக்குப் பதிலாக மின்னணு அளவியும் ஜிபிஎஸ்ஸும் வந்துவிட்டாலும் அளப்பது அதே விஷயத்தைத்தான்: காரில் உட்கார்ந்திருப்பவர் எந்த வேகத்தில் பக்கவாட்டில் தள்ளப்படுவதாக உணர்ந்து முகம் சுளிப்பார்?

அதாவது, அது டயர் வழுக்கும் வேகம் இல்லை. மடியில் டிபன் பாக்ஸ் வைத்திருப்பவர் அதை இறுக்கிப் பிடிக்க ஆரம்பிக்கும் வேகம். காய்ந்த, நல்ல தார் ரோட்டில் டயருக்கு அதைவிட நிறையவே பிடிப்பு உண்டு. அந்த அளவில் உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி.

மீதிப் பாதியில்தான் கோளாறு. அவர் கூட்டல் கணக்குப் போடுகிறார். வளைவு கூட்டலுக்குக் கட்டுப்படாது, அங்கே நடப்பது வர்க்கக் கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் பக்கவாட்டு விசை நான்கு மடங்காகும். பைக்கில் அந்த விசையை நாம் சாய்ந்து சமாளிக்கிறோம். ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் 20 கூட்டினால் எவ்வளவு சாய வேண்டியிருக்கும் என்று பார்ப்போம். பலகையில் போட்ட வேகத்தில் போகும்போது வண்டி சுமார் 15 டிகிரி சாய்வதாக வைத்துக்கொள்கிறேன், நடைமுறைக்கு அது ஓரளவு பொருந்தும்.

85 என்று போட்ட நீண்ட வளைவில் 105-இல் போனால் சாய்வு 22 டிகிரி. பெரிய விஷயமில்லை (அந்த ரோட்டின் சட்ட வேகம் அதற்கு இடம் கொடுக்குமா என்பது தனிக் கதை). உங்கள் 35 வளைவில் 45-க்குப் போனால் 24 டிகிரி, 55-க்குப் போனால் 33 டிகிரிக்கு மேல். 25 வளைவில் 45-க்குப் போனால் 41 டிகிரி.

நண்பரின் ஒரே சூத்திரம் ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை, இன்னோரிடத்தில் ரேஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. எண் சின்னதாகச் சின்னதாக அந்த 20-க்கு விலை ஏறுகிறது. அவருடைய ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு 33 டிகிரி சாதாரணம். உங்களுடையது க்ரூஸர், உட்காரும் இடமும் தாழ்வு, கால் வைக்கும் ஃபுட் ரெஸ்ட்டும் தாழ்வு. இந்த வகை வண்டிகள் சிலவற்றில் 30 டிகிரியைத் தாண்டியதுமே ஃபுட் ரெஸ்ட் தார் ரோட்டை உரச ஆரம்பித்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த ரசமட்டத்து உருண்டைக்குக் கண் கிடையாது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

நீங்கள் போன ரோட்டையே எடுத்துக்கொள்வோம். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் குடைந்த பாதை அது. மலை எப்படி வளைந்ததோ அப்படியே ரோடும் வளைகிறது. லோர்னிலிருந்து அப்பல்லோ பே போகும்போது கடல் உங்களுக்கு இடப்பக்கம். ஓடை இறங்கும் இடங்களில் ரோடு மலைக்குள் வாங்கி இடது பக்கம் திரும்பும். அங்கே வளைவின் உட்பக்கம் வெட்டவெளி. வளைவு முடியும் இடமும், எதிரே வரும் கேரவனும் முன்கூட்டியே கண்ணில் படும். அடுத்து மலைமூக்கு வரும், ரோடு அதைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் திரும்பும். அங்கே உட்பக்கம் பாறைச் சுவர். பாறைக்குப் பின்னால் நின்றுவிட்ட காரோ, மழைக்கு உருண்டு விழுந்த கல்லோ, செல்ஃபி எடுக்கிற கூட்டமோ எது இருந்தாலும் பக்கத்தில் போனால்தான் தெரியும்.

இந்த இரண்டு வளைவுக்கும் பலகை 45 என்றே சொல்லலாம், வளைவின் இறுக்கம் ஒன்றுதானே. ஆனால் உங்களுக்கு இரண்டும் ஒன்றல்ல. 45-இல் போகிறவருக்கு ஆபத்தைக் கண்டு பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 32 மீட்டர் வேண்டும், 65-இல் 54 மீட்டர். மலைமூக்கில் 25 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் 45-கூட அதிகம். அங்கே பலகையின் எண்ணுக்கும் கீழே போவதுதான் சரி. நண்பர் சொன்ன கணக்கில் கழித்தலே கிடையாது, கவனித்தீர்களா?

வலது வளைவில் இன்னொரு சங்கதி. நடுக்கோட்டை ஒட்டிப் போய்க்கொண்டு வலது பக்கம் சாய்ந்தால், டயர் நம் பக்கம்தான் இருக்கும், தலை எதிர்ப்பக்கம் போயிருக்கும். எதிரே பஸ் வந்தால் அதன் பக்கக் கண்ணாடி எந்த உயரத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வலது வளைவில் சக்கரம் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி ஓடட்டும்.

இனி உங்கள் வளைவுக்கு வருகிறேன். இடது வளைவு, வெட்டவெளி, எல்லாம் தெரிகிற இடம். பிறகு ஏன் விலகியது? நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: 55-இல் உள்ளே நுழைந்தாயிற்று, நடுவில் போனதும் வளைவு நினைத்ததைவிட இறுக்கமாகத் தெரிகிறது. பழக்கமில்லாத உடம்பு 20 டிகிரிக்கு மேல் சாயப் பயப்படும். வண்டிக்கு இன்னும் இடம் இருந்தாலும் மனசுக்கு இருக்காது. கை தானாக முன் பிரேக்கைக் கவ்வும். சாய்ந்திருக்கும் வண்டியில் முன் பிரேக் பிடித்தால் வண்டி நிமிரும், நிமிர்ந்தால் நேராகப் போகும். இடது வளைவில் நேராகப் போனால் போய்ச் சேருமிடம் எதிர்ப்பக்கம். போதாக்குறைக்குக் கண்ணும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கும். கண் போகிற இடத்துக்கு வண்டியும் போகும்.

மறுபடி அப்படி மாட்டினால் செய்ய வேண்டியது: தாடையை வளைவு முடியும் இடத்தை நோக்கித் திருப்புங்கள். இடது ஹேண்டில்பாரை முன்னால் தள்ளுங்கள், கீழே அழுத்துவதல்ல, உங்களிடமிருந்து தள்ளுவது. வண்டி இன்னும் இடது பக்கம் சாயும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடாதீர்கள். பின் பிரேக்கை லேசாகத் தொடலாம். இதை முதன்முதலாக ஆபத்தில் முயற்சி செய்யக் கூடாது. காலியான கார் பார்க்கிங்கில் 30-இல் வட்டமடித்து, தள்ளினால் என்ன நடக்கிறது என்று கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

சரி, பலகையை எப்படித்தான் பயன்படுத்துவது?

எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், நீங்கள் வந்துகொண்டிருக்கும் வேகத்துக்கும் அதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். 80-இல் வரும்போது 65 என்றால் ஆக்ஸிலரேட்டரை விட்டாலே போதும். 80-இல் வரும்போது 35 என்றால், வண்டி நிமிர்ந்திருக்கும்போதே நன்றாகப் பிரேக் பிடித்து, கியரைக் குறைத்து முடித்துவிட வேண்டும். சாய ஆரம்பித்த பிறகு பிரேக் வேலை மிச்சமிருக்கக் கூடாது. எண்ணுக்கு மேலே உள்ள அம்புக்குறியும் பேசும். செங்கோணமாக முறிந்த அம்பு, மெல்ல வளைந்த அம்பைவிட இறுக்கமான வளைவு. பாம்புபோல நெளியும் அம்புக்குக் கீழே ஒரே எண்ணும் சில கிலோமீட்டர் தூரமும் போட்டிருந்தால், அந்த எண் பொதுவாக அந்தக் கூட்டத்திலேயே மோசமான வளைவுக்கானது. முதல் இரண்டு வளைவு லேசாக இருந்ததென்று துள்ள வேண்டாம், அந்த மோசமானது இன்னும் வந்திருக்காது. லாரி கவிழ்வதுபோல் படம் போட்ட பலகைதான் உண்மையில் லாரிக்காரருக்கானது, நண்பர் இரண்டையும் குழப்பிக்கொண்டார்.

புது ரோட்டில் முதல் தடவை பலகையின் எண்ணிலேயே போங்கள். அப்போது வண்டி எவ்வளவு சாய்கிறது, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று உங்களுக்கே ஒரு கணக்குப் பிடிபடும். பைக் மீட்டர்கள் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டும். மீட்டரில் 35 என்றால் நிஜத்தில் 32, 33 இருக்கலாம்.

வளைவுக்குள் நுழைந்த பிறகு பலகையை மறந்துவிடுங்கள். ரோட்டின் இடது ஓரமும் வலது ஓரமும் தூரத்தில் ஒன்று சேர்கிற மாதிரி ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளி உங்களை விட்டு விலகி ஓடினால் வளைவு விரிகிறது. கிட்டே வந்தால் வளைவு இறுகுகிறது, வேகம் அதிகம். இந்தப் புள்ளிதான் நிஜப் பலகை, அதில் எண் ஒவ்வொரு நொடியும் மாறும்.

வால்பாறை அனுபவம் உங்களுக்கு இங்கே பாதி உதவும், பாதி கெடுக்கும். ஆழியாறிலிருந்து ஏறும்போது பலகை '9/40' என்று வளைவின் வரிசை எண்ணைச் சொல்லும். வேகத்தை நாமே முடிவு செய்து, ஹாரன் அடித்து, ஏறி வருபவருக்கு வழிவிட்டுப் போவோம். கொண்டை ஊசியில் யாரும் வேகமாக நுழையவும் முடியாது. இங்கே ஹாரன் அடிக்கும் வழக்கம் இல்லை. மலைமூக்குக்குப் பின்னால் யார் வருகிறார் என்று காது சொல்லாது. போதாததற்கு, எந்தப் பக்கம் ஓட்டுவது என்று மறந்துபோகும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்காக 'இடது பக்கம் ஓட்டவும்' என்று அந்த ரோட்டில் அம்பு போட்டே வைத்திருக்கிறார்கள். அப்படி மறந்த ஒருவர் அந்த இடது வளைவில் எதிரே வரவும் கூடும்.

மழை பெய்தால், அல்லது யூகலிப்டஸ் பட்டையும் இலையும் ரோட்டில் கிடந்தால், எண்ணிலிருந்து கழியுங்கள். வெயில் நாளில் விரிசலை அடைக்க ஊற்றிய தார்க்கோடுகள் இளகி வழுக்கும், சாய்ந்திருக்கும்போது அவற்றின் மேல் ஏறாதீர்கள். அந்தி நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும் என்பதை மெல்பர்னில் இருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, பின்னால் முட்டுகிற கார்கள். உங்கள் வேகத்தை அவர்கள் முடிவு செய்ய விடாதீர்கள், வளைவுக்கு முன் பிரேக் லைட்டை இரண்டு தடவை மினுக்கிக் காட்டுங்கள். கிரேட் ஓஷன் ரோட்டில் மெதுவாகப் போகும் வண்டிகள் ஒதுங்குவதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள், முன்கூட்டியே பலகையும் இருக்கும். இடது இண்டிகேட்டர் போட்டு அங்கே ஒதுங்கி, அவர்களை அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். சில இடங்களில் ஓரத்தில் சரளை கிடக்கும், ஆகவே வேகத்தைத் தார் ரோட்டிலேயே குறைத்துவிட்டு, வண்டியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.