சாவியை எடுத்துக் கொடுத்த அக்காவிடம் என்ன கேட்டாய்?

கேள்வி: எனக்கு 25 வயது. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். ஈசிஇ முடித்துவிட்டு மூன்று வருடமாகத் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பயோமெடிக்கல் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 16 ஆயிரம். வேலையில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. வெளிநாட்டில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கிராஜுவேட் சர்டிஃபிகேட் படித்தால் எம்.எஸ். அளவுக்குச் செலவாகாது, அங்கேயே வேலையும் கிடைத்துவிடும் என்று ஏஜென்ட் சொல்கிறார். அப்பா இல்லை. அம்மாவும் அக்காவும் பீடி சுற்றுகிறார்கள். அக்காவுக்கு 33 வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. முதல் தவணைக்கு அக்கா நகையை அடகு வைக்கலாம் என்று இருக்கிறோம். கேட்டதும் அக்கா ஒன்றும் சொல்லாமல் பீரோச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதனால் பணத்துக்குக் கவலையில்லை. அமெரிக்கா நல்லதா, ஆஸ்திரேலியா நல்லதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

தம்பி, எந்த நாடு என்பதற்கு அப்புறம் வருகிறேன். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு ஆலங்குளத்திலிருந்து வரும், பாவூர்சத்திரத்திலிருந்து வரும், மேலப்பாளையத்திலிருந்து வரும். படிப்பின் பெயர் மாறும், நாட்டின் பெயர் மாறும். அடகுக்குப் போகிற நகை மட்டும் எப்போதும் அக்காவுடையதாகவோ தங்கையுடையதாகவோ இருக்கும். அண்ணன் பைக்கை விற்றுத் தங்கையைப் படிக்க அனுப்புகிறோம், சரியா என்று கேட்டு இதுவரை ஒரு கடிதம் வந்ததில்லை.

அக்கா ஒன்றும் சொல்லாமல் சாவியைக் கொடுத்தாள் என்கிறாய். அடுத்த வரியிலேயே கவலையில்லை என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? சந்தோஷமாகக் கொடுக்கிற அக்கா வாயை மூடிக்கொண்டு கொடுக்கமாட்டாள். ‘போயிட்டு வா, ஒழுங்காப் படி, அங்கே குளிருமாமே, கம்பளி எடுத்துக்கோ’ என்று நாலு வார்த்தை பேசுவாள். இஷ்டமில்லாதவள் சண்டை போடுவாள். இரண்டும் இல்லாமல் எழுந்து போய்ச் சாவியை எடுத்து வருகிறவள், இந்த வீட்டில் தன் பேச்சு எடுபடாது என்று எப்போதோ தெரிந்துகொண்டவள். அதற்குப் பெயர் சம்மதம் இல்லை.

உன் கடிதத்தில் நீ என்ன படித்தாய், எத்தனை வருடம் வேலை பார்த்தாய், என்ன சம்பளம் எல்லாம் இருக்கிறது. அக்கா என்ன படித்தாள் என்று ஒரு வரி இல்லை. பத்தாவதோடு நின்றாளா, பிளஸ் டூ முடித்தாளா? என்ன மார்க்? எதனால் நின்றாள்? நீ இன்ஜினியரிங் சேர்ந்தபோது அவளுக்கு 26 வயது இருக்கும். அந்த நான்கு வருடமும் உங்கள் வீட்டில் யாராவது அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்களா, அல்லது தம்பி படிப்பு முடியட்டும் என்று தள்ளிப் போட்டார்களா? இந்தக் கேள்விகளுக்கு உன்னிடம் பதில் இருக்கும். எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்குக் கோபம்.

பீடி சுற்றுகிறார்கள் என்று இரண்டே வார்த்தையில் தாண்டிவிட்டாய். ஊரறிந்த வேலைதானே என்று நினைத்திருப்பாய். ராத்திரியே இலையை நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் தகட்டை வைத்து ஒவ்வொரு இலையையும் அளவாக வெட்ட வேண்டும். அதற்கே கத்திரிக்கோல் பிடிக்கிற விரலில் காய்ப்பு ஏறிவிடும். அப்புறம் மடியில் சொளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தூளைப் பரப்பி, சுருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றி, ஆயிரம் பீடி ஆகிறவரை நிமிர முடியாது. முதுகும் இடுப்பும் ஒரு பக்கம், தூசி மூக்கில் ஏறி வருகிற இருமல் இன்னொரு பக்கம். சாயங்காலம் பீடிக்கடைக்குக் கொண்டுபோனால் கட்டைப் புரட்டிப் பார்த்து, சரியில்லை என்று கொஞ்சம் கழிப்பார்கள். கழித்தது போகத்தான் கூலி.

அந்தக் கூலியில் வீட்டுச் செலவு போக மிச்சம் பிடித்து, நகைச்சீட்டு கட்டி, ஒரு வருடம் கம்மல், அடுத்த வருடம் மோதிரம் என்று சேர்த்ததுதான் அந்தப் பீரோவில் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பா இருந்தபோது செய்து போட்டதாகவே இருக்கட்டும், அப்போதும் இதையேதான் சொல்வேன்: அது குடும்பச் சொத்து இல்லை, அவள் சொத்து. கல்யாணம் செய்துகொள்வதும் செய்துகொள்ளாததும் அவள் இஷ்டம். விரல் ஓடாமல் போகிற வயதில், சின்னதாக ஒரு பி.எஃப். பணத்தைத் தவிர, அவளுக்கென்று இருக்கப் போவது இது ஒன்றுதான். கூடப்பிறந்தவளின் நகையைத் தொடலாம் என்றால், என் கணக்கில், உயிருக்கு ஆபத்தான வைத்தியத்துக்கு மட்டும் தொடலாம். படிப்புக்குக் கூடாது. இதில் நான் இம்மியும் இறங்கி வரமாட்டேன்.

‘அவன் சம்பாதிச்சு அக்காவுக்கு இரண்டு மடங்கா செஞ்சு போட்டுருவான்’ என்று உன் அம்மா சொல்லியிருப்பார்கள். அம்மாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அடகு வைத்த நகை என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் வருடம் வட்டி கட்டுவீர்கள். அடுத்த வருடம் வட்டி கட்டவே கைமாற்று வாங்கி, மறுபடி திருப்பி வைப்பீர்கள். படிக்கிற இடத்தில் ஒரு சறுக்கல், வேலை கிடைப்பதில் ஆறு மாதத் தாமதம், ஏல நோட்டீஸ் வந்துவிடும். நகை மூழ்கிப் போகும். அன்றைக்கும் அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். அதையும் நீ சம்மதம் என்று எடுத்துக்கொள்வாயா?

இனி உன் படிப்பு. கிராஜுவேட் சர்டிஃபிகேட் என்பது பட்டம் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அது பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து பாடம். இன்ஜினியர்களுக்கான உடலியல், உயிர்ப்பொருள்கள், மருத்துவப் படமெடுப்பு, உடலிலிருந்து வரும் சிக்னல்களை அலசுவது என்று எம்.எஸ். மாணவன் படிக்கிற பாடங்களிலேயே சிலவற்றைப் படிப்பாய். நல்ல மதிப்பெண் எடுத்தால் பல இடங்களில் அந்தப் பாடங்களைப் பிறகு எம்.எஸ். கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். ஏற்கெனவே ஒரு மருத்துவக் கருவி கம்பெனியில் இருப்பவர், வேலையை விடாமல், சாயங்காலத்திலோ ஆன்லைனிலோ, பல சமயம் கம்பெனிச் செலவில் படிக்கிற படிப்பு இது. அப்படிப்பட்டவருக்கு நல்ல படிப்புதான். ஊரை விட்டு, கடன் வாங்கி, அங்கேயே வேலை பிடிக்கப் போகிறவனுக்கு ஏற்றதில்லை.

ஏஜென்ட் உன்னிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் படித்த வெளிநாட்டு மாணவர்களுக்கு வழக்கமான ஒரு வருட வேலை அனுமதிக்கு மேல் இன்னும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. எல்லோரும் நம்பிப் போவது அந்த 24 மாதத்தைத்தான். அது பட்டம் பெற்றவர்களுக்கு. வெறும் சர்டிஃபிகேட்டுக்குக் கிடையாது. ஆஸ்திரேலியாவில் கிராஜுவேட் சர்டிஃபிகேட் சாதாரணமாக ஆறு மாதப் படிப்பு. அங்கே படித்து முடித்தபின் கிடைக்கும் வேலை விசாவுக்கு இரண்டு கல்வியாண்டாவது படித்திருக்க வேண்டும். ஆறு மாதத்தை வைத்துக்கொண்டு அந்த விசா கேட்க முடியாது. ஆக, அக்கா நகையை வைத்துப் போய், ஒரு தாளை வாங்கிக்கொண்டு, இதே திருநெல்வேலிக்குத் திரும்பி வருவாய். நாடு எது என்று கேட்டாயே, இரண்டும் வேண்டாம்.

வேலையில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை. உங்கள் மருத்துவமனையில் டயாலிசிஸ் இருக்கிறதா? ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் அந்த மெஷின் வழியாகப் போகிறது. அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. பிளான்ட்டின் மெம்பரேனை எப்போது மாற்றுகிறார்கள், யார் முடிவு செய்கிறார்கள்? டயாலிசிஸ் கரைசலின் உப்பளவைக் காட்டுகிற கண்டக்டிவிட்டி 14-ஐ ஒட்டி நிற்காமல் ஏறி இறங்கி அலாரம் அடித்தால் கோளாறு தண்ணீரிலா, கான்சன்ட்ரேட்டிலா, சென்சாரிலா என்று உனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியுமா? தெரியும் என்றால், 16 ஆயிரம் சம்பளத்துக்கு நீ கட்டிக்கிடக்க வேண்டியதில்லை, கருவி கம்பெனிகளில் சர்வீஸ் இன்ஜினியர் வேலைக்கு இன்றைக்கே எழுதிப் போடலாம். தெரியாது என்றால், கம்பெனி ஆள் சர்வீஸுக்கு வரும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், மூடியைக் கழற்றும்போது பக்கத்தில் போய் நில். அதற்குக் கட்டணம் கிடையாது.

மேலே படிக்க ஆசைப்படுவது நல்லது. அதை நான் தடுக்கவில்லை, படி என்றுதான் சொல்கிறேன். சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். நடத்துகின்றன. மருத்துவமனைக்குள்ளேயே பயிற்சி தரும் படிப்பு, மூன்று வருடம் வார்டு வார்டாக நடந்த உனக்கு அச்சாகப் பொருந்தும். இதில் திருவனந்தபுரம் நிறுவனம் சாதாரண இடமில்லை. வெளிநாட்டு இதய வால்வுகளை நம் நோயாளிகள் வாங்க முடியாமல் தவித்த காலத்தில், சித்ரா வால்வை உருவாக்கி 1990-ல் முதல் நோயாளிக்குப் பொருத்திய இடம். நாகர்கோவில் வழியாகப் போனால் காலையில் கிளம்பி மதியத்துக்குள் போய்ச் சேரலாம். நம் பக்கத்தில் இப்படியொரு இடம் இருக்க, ஏஜென்ட் வாயிலிருந்து சிட்னி வந்தால்தான் படிப்பு என்று நினைக்கிறோம்.

நுழைவுக்கு கேட் தேர்வு. அதில் 2020 முதல் பயோமெடிக்கல் இன்ஜினியரிங்குக்கென்று தனித் தாளே இருக்கிறது, ஈசிஇ படித்த நீயும் அதை எழுதலாம். ஒருமுறை வாங்கிய மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். கேட் வழியாக எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. உன் இப்போதைய சம்பளத்தில் முக்கால் பங்கு அது. அதற்கு மேலும் தேவைப்பட்டால் கல்விக்கடன் உன் பெயரில் வாங்கு. ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் வங்கிகள் தருவதற்கு அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. கடன் உன் தலையில் இருக்கட்டும். படிக்கப் போகிறவன் நீ.

பாடங்கள் இப்போதே வேண்டுமென்றால் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் பயோமெடிக்கல் பாடங்கள் இருக்கின்றன. பார்ப்பதற்குக் காசு வேண்டாம், தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். அதற்குப் பிறகும் அந்த வெளிநாட்டு சர்டிஃபிகேட்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், பாடத்துக்குப் பாடம் பணம் கட்டிப் படிக்கிற ஆன்லைன் வகுப்பாகத் தேடு. உன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பாடம் முடி, அடுத்த வருடம் அடுத்த பாடம். உன் அக்கா நகைச்சீட்டு கட்டிய மாதிரி.

இன்றைக்கே அந்தச் சாவியை அவள் கையில் கொடு. அம்மா முன்னால் கொடு. நகையை வைக்கவில்லை, இனிமேலும் வைக்கமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல். உடனே அவள் மனம் திறந்து பேசிவிடுவாள் என்று எதிர்பார்க்காதே. இத்தனை வருடம் யாரும் கேட்காததை நீ ஒருநாள் கேட்டதும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் கேள். கல்யாணம் செய்துகொள்ள ஆசையா, வரன் பார்க்கட்டுமா என்று கேள். விட்ட படிப்பைத் தொடர விருப்பமா என்று கேள். இங்கேயே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது, தொலைநிலையில் படிக்கலாம், 33 ஒன்றும் கடந்துபோன வயதில்லை. இல்லை, பீடியை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும் என்றாலும் அதற்கு வழி தேட வேண்டியது நீதான். தகப்பன் இல்லாத வீட்டில் ஆண்பிள்ளைக்குக் கடமை உண்டு என்று நம்புகிற ஆள் நான். கடமை என்றால் அக்காவுக்கு நாட்டாமை பண்ணுவது இல்லை, அவள் கேட்டதைச் செய்து கொடுப்பது.

கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். அதுவரை உன் சம்பளத்தில் மாதாமாதம் எவ்வளவு வீட்டுக்குக் கொடுக்கிறாய் என்று உன் கடிதத்தில் இல்லை. கொடுக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். கொடுக்கவில்லை என்றால் இந்த மாதமே ஆரம்பி, விண்ணப்பக் கட்டணத்தை அது போக மீதியிலிருந்து கட்டு.